நாட்டு மாட்டுக்கு நோய் வராதா?

ரமணாசிரமத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்குத் தினமும் காலையில் பால் ஊற்றுகிறேன். அத்தியந்தலில் மூன்று ஏக்கர் நிலம். வேர்க்கடலை, சாமை, கிணற்றில் தண்ணீர் இருந்தால் கொஞ்சம் நெல். இயற்கை விவசாயத்துக்கு வந்தபோது கலப்பின மாடுகளை விற்றுவிட்டு நாட்டு மாட்டுக்கு மாறினேன். பால் வாங்குகிறவர்கள் கேட்டால், "நம்ம மாடுங்க, ஊசி மருந்தே தேவைப்படாது, நோயே அண்டாது" என்று பெருமையாகச் சொல்வேன்.

அந்தப் பெருமை 2023-இல் உடைந்தது.

அதற்கு முந்தைய வருஷம் ராஜஸ்தான், குஜராத்தில் தோல் கழலை நோயால் மாடுகள் கொத்துக் கொத்தாய்ச் செத்ததைச் செய்தியில் பார்த்தோம். பிறகு அது எங்கள் தெருவுக்கும் வந்தது. என் கொட்டகையில் நான்கு கன்றுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி. வெற்றிலை, மிளகு, கல்லுப்பு, வெல்லம் அரைத்து உள்ளுக்குக் கொடுத்தோம். குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள், பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி மேலே தடவினோம். இரண்டு கன்று பிழைத்தது. இரண்டு போய்விட்டது. பக்கத்து நிலத்து அண்ணன் வீட்டில் ஐந்தாறு உருப்படி, எல்லாம் வெவ்வேறு ஊரில் வாங்கியது. அங்கேயும் நோய் வந்தது, ஆனால் ஒன்றும் சாகவில்லை.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு ஆசிரமத்துக்குள் போய் லட்சுமி பசுவின் சமாதி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். 1926-இல் கன்றாக வந்து, 1948 வரை இருந்த பசு. என் கன்றுகள் ஒரு வயசைக்கூடத் தாண்டவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

கால்நடை டாக்டர் வந்தபோது, "செத்த கன்னு ரெண்டுக்கும் அப்பன் யாரு?" என்று கேட்டார்.

"நம்ம செவலக் காளைதான் சார். 2016 தீபச் சந்தையில கன்னா வாங்கினது."

"தாய் யாரு?"

சொல்ல வாய் வரவில்லை. இரண்டு தாயும் அதே செவலைக்குப் பிறந்த கிடாரிகள். மகளுக்கே அப்பனைச் சேர்த்திருக்கிறேன். வேறு காளை தேடிப் போக சோம்பல், அவ்வளவுதான்.

"ரெண்டு கன்ன வெச்சு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இது தப்பு வழிங்க" என்று சொல்லிவிட்டு, மாட்டின் எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கிறது என்று அவர் விளக்கினார். அதற்குப் பிறகு நானும் தேடிப் படித்தேன். புரிந்ததை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

குத்தூசி மாதிரி ஒரு மரபணு

மண்டியில் வேர்க்கடலைப் பருப்பு மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியைச் செருகி இழுப்பார்கள். அதன் பள்ளத்தில் நாலு பருப்பு வரும். அதைப் பார்த்துத்தான் வியாபாரி விலை சொல்வார். மாட்டின் உடம்பிலும் இதே வேலை நடக்கிறது. உள்ளே நுழைந்த கிருமியைச் செல்கள் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டைப் பள்ளத்தில் ஏந்தி வெளியே நீட்டும். வெள்ளணுக்கள் அதைப் பார்த்துத்தான் "இது எதிரி" என்று சண்டைக்குக் கிளம்பும்.

அந்தக் குத்தூசியைச் செய்யும் மரபணுக்கள் மாட்டின் 23-ஆம் குரோமோசோமில் கூட்டமாக இருக்கின்றன. விஞ்ஞானிகள் அந்தக் கூட்டத்தை 'போலா' என்கிறார்கள். அதில் டி.ஆர்.பி.3 என்ற ஒரு மரபணுவுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு வடிவத்துக்கும் பள்ளம் வேறு, அதில் மாட்டும் கிருமித் துண்டும் வேறு. மடிநோய், உண்ணி என்று பல தொல்லைகளில் எந்த மாடு தாங்கும், எந்த மாடு படுக்கும் என்பதில் இந்த வடிவங்களுக்குப் பங்கு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

கன்றுக்குத் தாய் வழியில் ஒரு வடிவம், தகப்பன் வழியில் ஒரு வடிவம் வரும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் கையில் இரண்டு விதக் குத்தூசி. அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றுக்கு, சராசரியாகக் கால் பங்கு மரபணுக்களில் ஒரே முன்னோரின் அச்சு அசல் நகலே இரண்டு பக்கமும் வந்து சேரும். அப்படி அமைந்தால் ஒரே குத்தூசிதான். அதில் சிக்காத கிருமி வந்தால் கன்று திணறும்.

திமில் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல

நாட்டு மாட்டின் பலம் பொய்யில்லை. உண்ணி பரப்பும் தைலீரியா காய்ச்சலை சாகிவால் கன்றுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுக்கும் ஒரே மாதிரி கொடுத்து ஸ்காட்லாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஹோல்ஸ்டீன் கன்றுகள் கடுமையாகப் படுத்தன. சாகிவால் கன்றுகள் தாங்கி எழுந்தன. பல தலைமுறையாக நம் உண்ணியோடு வாழ்ந்து பெற்ற வரம் அது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் பாருங்கள். கரீபியன் கடலில் மார்ட்டினிக் என்று ஒரு தீவு. அங்கே வளர்ப்பது பிராமன் இனம். நம் ஓங்கோல், கிர் மாடுகளின் ரத்தத்திலிருந்து அமெரிக்காவில் உருவானது. அந்தத் திமில் மாடுகளுக்கே உண்ணியோடு வரும் ஒரு தோல் நோய் வாட்டியது. போலா மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வடிவக் கூட்டு இருக்கும் மாடுகள்தான் அதிகம் படுக்கின்றன என்று கண்டுபிடித்து, அவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினார்கள். 100-க்கு 76 மாட்டுக்கு இருந்த நோய் ஐந்தே வருஷத்தில் 100-க்கு 2 ஆகக் குறைந்தது. இனம் ஒன்றுதான். உள்ளே இருந்த வடிவம்தான் வேறு.

அதற்காக 'நல்ல வடிவம்' ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதும் ஆபத்து. ஒரு நோயைத் தடுக்கும் வடிவம் இன்னொன்றுக்கு வழிவிடலாம். நாளைக்கு என்ன நோய் வரும் என்று யாருக்குத் தெரியும்? மந்தையில் பல வடிவம் இருப்பதுதான் காப்பீடு. பலதானியம் விதைக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு காளை செய்த சேதம்

அமெரிக்காவில் 1952-இல் ஒரு ஹோல்ஸ்டீன் காளை பிறந்தது. பெயர் ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ. அதன் வாரிசுக் காளைகள் பால் வர்க்கத்துக்குப் பேர்போனவை என்பதால் சினை ஊசி வழியே உலகமெல்லாம் பரவின. கூடவே ஒரு குறையும் பரவியது. வெள்ளணு ரத்தக் குழாயை விட்டு வெளியேறப் பிடிமானம் தரும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இரண்டு பக்கமும் அந்தக் குறை வந்த கன்றின் வெள்ளணுக்கள் புண் இருக்கும் இடத்துக்குப் போகவே முடியாது. கழிச்சல், நுரையீரல் அழற்சி என்று பெரும்பாலும் ஒரு வயசுக்குள் செத்துவிடும். 1992-இல் காரணம் வெளியானபோது, அங்கே சோதித்த காளைகளில் 100-க்கு 14 அந்தக் குறையைச் சுமந்துகொண்டிருந்தன. இந்தியாவிலும் ஹோல்ஸ்டீன் காளைகளை இதற்காகச் சோதித்த பிறகே விந்து எடுக்க வேண்டும் என்பது விதி.

அவர்கள் உலக அளவில் செய்ததைத்தான் நான் என் கொட்டகையில் செய்திருக்கிறேன்.

இப்போது நான் செய்வது

ஒன்று: செவலையை ஜவ்வாது மலையடிவாரத்து விவசாயி ஒருவரிடம் கொடுத்து, ஒட்டுறவு இல்லாத வேறு காளையை மாற்றிக்கொண்டேன். மகள்கள் பருவத்துக்கு வரும் முன், அதாவது இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை, காளையை மாற்றுவது என்று முடிவு.

இரண்டு: ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு கன்றுக்கும் தாய், தகப்பன், பிறந்த தேதி, வந்த நோய், உண்ணி அதிகமா குறைவா என்று வீட்டம்மா எழுதுகிறாள். சினை ஊசி போடுகிறவர்கள் குச்சியில் அச்சடித்திருக்கும் காளை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மகளுக்கு அதே எண் வேண்டாம்.

மூன்று: கன்றை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பார்க்கும்போது பாலை மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. உண்ணி குறைவாக ஏறும் மாடு, மடிநோய் வராத மாடு, நோயில் விழுந்தும் சீக்கிரம் எழுந்த மாடு, இவற்றின் கிடாரிகளுக்குத்தான் முதலிடம்.

நான்கு: கோமாரிக்கும் தோல் கழலைக்கும் தடுப்பூசி போடுகிறேன். "இயற்கை விவசாயியாச்சே நீங்க?" என்று கேட்கிறார்கள். தடுப்பூசி வேலை செய்வதே மாட்டின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பித்தான். இதில் எனக்குக் கூச்சமில்லை.

அந்தக் காலத்தில் தீபச் சந்தைக்குப் பல ஊர் மாடுகள் வந்து, கைமாறி, வேறு வேறு ஊருக்குப் போயின. தெரிந்தோ தெரியாமலோ நம் பெரியவர்கள் ரத்தத்தைக் கலந்துகொண்டே இருந்தார்கள். இப்போது மேய்ச்சல் நிலம் மனையாகி, மாடு குறைந்து, இருக்கும் நாலைந்தும் ஒரே காளையின் பிள்ளைகளாகிவிடுகின்றன. இந்தத் தீபத்துக்குச் சந்தைக்கு வருகிறவர்கள் சுழியும் கொம்பும் பார்ப்பதோடு, "எந்த ஊரு, எந்தக் காளைக்குப் பொறந்தது?" என்றும் கேளுங்கள்.

பால் வாங்கும் அம்மா ஒருவர் போன வாரம், "உங்க மாட்டுக்கு நோயே வராதாமே?" என்றார். "வரும்மா. வந்தா எழுந்து நிக்கிற மாதிரி வளர்க்கப் பாக்கறேன்" என்றேன்.