இடுப்பு மூட்டு அறுவை: வீடும் தயாராக வேண்டும்

இடுப்பு மூட்டு தேய்ந்தால் நடையோடு கூலியும் போகிறது. காலனிகளில் பலரும் ‘வயசாயிடுச்சு’ என்று தைலம் தடவிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். செயற்கை மூட்டை அரசு மருத்துவமனையிலேயே பொருத்திக்கொள்ளலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றை முன்பே எடுத்து வையுங்கள்.

அறுவைக்கு முன் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் குணமாக்க வேண்டும். இல்லையேல் கிருமி புது மூட்டுக்குப் பரவும். பீடி, புகையிலையை நிறுத்துங்கள்.

பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். சிக்கல் வீட்டில்தான். மருத்துவர் அனுமதிக்கும் வரை, பொதுவாக 6 முதல் 12 வாரம், குந்தக்கூடாது, சம்மணமிடக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது. மீறினால் மூட்டு நழுவலாம். ஆனால் பல தொகுப்பு வீடுகளில் குந்தும் கழிப்பறைதான்; சில தெருக்களில் அதுவும் இல்லை, ஓடைக்கரைதான்.

எனவே அறுவைக்கு முன்பே உயரமான கட்டிலும், நடுவில் துளையிட்ட கழிப்பறை நாற்காலியும் ஏற்பாடு செய்யுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வரும். கிராம செவிலியரிடம் கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் சீழ் வைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 108-ஐ அழையுங்கள்.

உட்காரும் கழிப்பறை ஆடம்பரம் அல்ல, சிகிச்சையின் பகுதி. காலனிக்கு அதைக் கட்டித்தரக் கோரி அடுத்த கிராம சபையில் மனு கொடுப்போம். மாணவர்களே, மனுவை நீங்கள் எழுதுங்கள்.