இந்திய அரசுப் பணியாளர்களுக்கான இயலாமை ஓய்வூதியம்

இயலாமை ஓய்வூதியம் என்பது, உடல் அல்லது மன நலக் குறைவால் நிரந்தரமாகப் பணியாற்ற இயலாத நிலையை அடைந்த அரசுப் பணியாளர், ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே பணியிலிருந்து விலகும்போது பெறும் ஓய்வூதியம் ஆகும். நடுவண் அரசுப் பணியாளர்களுக்கு இது முன்பு 1972ஆம் ஆண்டின் நடுவண் குடிமைப் பணிகள் (ஓய்வூதியம்) விதிகளின் 38ஆம் விதிப்படி வழங்கப்பட்டது. இப்போது அவற்றுக்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டு விதிகளின் 39ஆம் விதிப்படி வழங்கப்படுகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த உரிமையில் பல முக்கிய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன.

பழைய நிலை

முன்பு இந்த ஓய்வூதியத்தைப் பெறக் குறைந்தது 10 ஆண்டுகள் தகுதிப் பணிக்காலம் தேவைப்பட்டது. அதற்குள் பணியை இழந்தவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. பணி முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அரை மாத ஊதியம் என்ற கணக்கில், பணிக்கொடை மட்டும் ஒரே தொகையாக வழங்கப்பட்டது.

இதனால் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் இளம் பணியாளர்களே. பணிக்காலம் குறைவு என்பதால் அவர்களிடம் சேமிப்பும் குறைவு. வாழ வேண்டிய ஆண்டுகளோ அதிகம். உதவி மிகுதியாகத் தேவைப்பட்டவருக்கே அது குறைவாகக் கிடைத்தது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம்

2019 சனவரி 4 அன்று வெளியான அறிவிக்கையின்படி 38ஆம் விதி திருத்தப்பட்டது. 10 ஆண்டுகள் நிறைவு செய்யாதவரும் இறுதி ஊதியத்தில் 50 விழுக்காட்டை இயலாமை ஓய்வூதியமாகப் பெறலாம் என்றானது. பணியில் சேரும் முன்போ சேர்ந்த பின்போ, உரிய மருத்துவ அலுவலரால் பரிசோதிக்கப்பட்டு, பணிக்குத் தகுதியானவர் எனச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை.

இம்மாற்றத்தின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். அகவிலைப்படியைச் சேர்க்காமல் மாதம் 40,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவர் 6 ஆண்டுகள் பணியாற்றியபின் இயலாமை அடைகிறார் எனக் கொள்வோம். பழைய விதிப்படி அவருக்கு 12 அரையாண்டுகளுக்கு 20,000 ரூபாய் வீதம் 2,40,000 ரூபாய் கிடைத்திருக்கும். அத்துடன் கணக்கு முடிந்துவிடும். புதிய விதிப்படி மாதம் 20,000 ரூபாய் ஓய்வூதியம் கிடைக்கும். பழைய தொகை முழுவதையும் அவர் ஒரே ஆண்டில் பெற்றுவிடுகிறார். அதன் பின்னும் வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம் தொடரும். அகவிலை நிவாரணமும் உண்டு.

2020 சூலையில் பாதுகாப்பு அமைச்சகம், 10 ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணியாற்றிய படைவீரர்களுக்கும் இவ்வாறே இயலாமை ஓய்வூதியம் வழங்க முடிவு செய்தது. 2019 சனவரி 4 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் இருந்தவர்களுக்கு இது பொருந்தும்.

பணியில் தொடரும் உரிமை

இயலாமை ஏற்பட்டாலே ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47ஆம் பிரிவு, பணிக்காலத்தில் இயலாமை அடைந்தவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்றது. அவரால் பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால், அதே ஊதியத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். அதுவும் இல்லையெனில் அவருக்காகக் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி, பொருத்தமான பணியிடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை அதில் வைத்திருக்க வேண்டும். இப்பாதுகாப்பு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் தொடர்கிறது.

குணால் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. பணியில் காயமுற்றுக் காலை இழந்த காவலர் ஒருவர் தொடர்பான வழக்கு இது. இயலாமை ஓய்வூதியம் வழங்கப்பட்டது என்பதற்காக 47ஆம் பிரிவின் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே மருத்துவக் காரணத்தால் ஓய்வு கேட்டு விண்ணப்பிக்கும் பணியாளருக்கு, அதே ஊதியத்தில் பணியில் தொடரும் உரிமை உண்டு என்பதை அலுவலகம் தெரிவிக்க வேண்டும். அதை அறிந்த பின்னும் அவர் ஓய்வையே விரும்பினால்தான் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும். அரை ஊதியத்துக்கும் முழு ஊதியத்துக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் முடிவாகிறது.

பணியால் ஏற்படும் இயலாமை

நோய் போன்ற பொதுவான காரணங்களால் வரும் இயலாமையும், பணியின் காரணமாகவே ஏற்படும் இயலாமையும் விதிகளில் வேறுபடுத்தப்படுகின்றன. இரண்டாவது வகைக்குச் சிறப்பு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். 1939ஆம் ஆண்டின் அவ்விதிகளுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வந்தன. பணியின்போது இயலாமை அடைந்தும் பணியில் தொடர்பவர்களுக்கான இழப்பீடு, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் வழங்கப்படும் என 2021 சனவரியில் அரசு அறிவித்தது.

புதிய ஓய்வூதியத் திட்டங்களில் உள்ளவர்கள்

2004 சனவரி 1 முதல் பணியில் சேர்ந்த நடுவண் அரசுப் பணியாளர்கள் (ஆயுதப் படையினர் நீங்கலாக) தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருகின்றனர். இயலாமையாலோ இறப்பாலோ பணி முடியும் நிலையில் அவர்களுக்குப் பழைய ஓய்வூதியப் பயன்களைத் தற்காலிகமாக வழங்க 2009 மே மாதம் ஆணையிடப்பட்டது. 2021ஆம் ஆண்டு விதிகள் இதை ஒரு நிலையான விருப்பத்தேர்வாக்கின. பழைய பயனைத் தேர்ந்தவரின் கணக்கில் உள்ள அரசுப் பங்கும் அதன் வருவாயும் அரசுக்குத் திரும்பும். பணியாளரின் சொந்தப் பங்கு அவருக்கே கிடைக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திலும் இத்தகைய தேர்வு தரப்பட்டுள்ளது.

மாநில அரசுப் பணியாளர்கள்

மேற்கண்ட ஓய்வூதிய விதிகள் நடுவண் அரசுப் பணியாளர்களுக்கானவை. தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கு 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் தனியே உள்ளன. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாநில அரசு நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆகவே பணியில் தொடரும் உரிமை அங்குள்ள எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் ஓட்டுநருக்கும் உண்டு.