ஈயக் குண்டே, உன் வயசு என்ன?

பாலவாக்கம் கடற்கரையிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால், அடையாறு கடலில் கலக்கும் இடம் வந்துவிடும். 1746 அக்டோபரில் அங்கே பெரிய சண்டை நடந்தது, தெரியுமா குட்டீஸ்? ஆற்காடு நவாபின் மகன் மாபூஸ்கான் சுமார் 10 ஆயிரம் வீரர்களோடு நின்றார். எதிரே பிரெஞ்சுப் படை. பாரடிஸ் என்பவர் தலைமையில் வந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். அதிலும் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள். அவர்கள் வரிசையாக நின்று, சேர்ந்தாற்போல் சுட்டார்கள். ஜெயித்தது எது? சின்னப் படை!

இப்படிச் சண்டை நடந்த இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு தேடுவது உண்டு. அது 'பீப்' என்று கத்திய இடத்தில் ஒரு குண்டு கிடைக்கிறது. அது எந்தக் காலத்துக் குண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

முதலில் வடிவம். கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, மேலே வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால், பெரும்பாலும் பழைய ஈயக் குண்டுதான். அச்சில் வார்த்த கோடுகூட சிலவற்றில் தெரியும். அடுத்து அளவு. ஆங்கிலேயரின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக் குழல் சுமார் 19 மில்லிமீட்டர் அகலம். பிரெஞ்சுக்காரர்களுடையது சுமார் 17.5. குண்டு இதைவிடக் கொஞ்சம் சின்னது. சுடச்சுடக் குழலில் கரி படியும் அல்லவா? அப்போதும் குண்டு சிக்காமல் உள்ளே இறங்க வேண்டுமே!

சரி, சுவரில் மோதி அப்பளமாய் நசுங்கிய குண்டை எப்படி அளப்பது? தராசில் வைப்பார்கள். ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். குண்டு 31 கிராம் இருந்தால், உருண்டையாக இருந்தபோது அதன் விட்டம் 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆங்கிலேயர் குண்டாக இருக்கலாம்! கணக்குப் பாடம் இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

முனை கூம்பாக, அடியில் குழிவாக இருந்தால்? அது 1850களில் வந்த என்ஃபீல்டு ரைபிள் வகைக் குண்டு. கொழுப்புத் தடவிய தோட்டாவால் 1857ல் சிப்பாய்கள் கொதித்தெழுந்ததைப் படித்திருப்பீர்களே, அதே துப்பாக்கிதான். சுட்டதும் அடிக்குழி விரிந்து, குழலின் உள்ளே இருக்கும் சுருள் வரிகளைக் கவ்விக்கொள்ளும். குண்டும் பம்பரம் போலச் சுழன்று நேராகப் பாயும். ஈயத்தின்மேல் உலோக உறை போட்ட மெலிந்த குண்டா? 1880களுக்குப் பிறகு வந்தது.

ஒரு விஷயம். தனி ஈய உருண்டை தானாக வெடிக்காது. ஆனால் பித்தளைக் கூட்டோடு இருக்கும் தோட்டா அப்படியல்ல. உள்ளே மருந்து இருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் சென்னைமீது வீசியது போன்ற பீரங்கிக் குண்டுகள் இன்னும் ஆபத்தானவை. பல வருஷம் மண்ணில் கிடந்தாலும் வெடிக்கும்! இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்த உடனே தெரியாது. அதனால் மண்ணில் எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், தோண்டாதீர்கள். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அப்பா அம்மாவிடம் சொல்லி, போலீசுக்குத் தகவல் கொடுங்கள்.

பழைய துப்பாக்கிகளைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசையா? புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை!