பெரோவ்ஸ்கைட் மின்கலமும் திருச்சி வெயிலும்

பெரோவ்ஸ்கைட் என்பது சூரிய ஒளியை வெகுவாக உறிஞ்சும் படிக அமைப்பு. 2009-இல் ஜப்பானின் மியாசகா குழுவினர் இதைக்கொண்டு செய்த மின்கலத்தின் திறன் 3.8 சதவீதம், இன்று ஆய்வகங்களில் அது 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வழக்கமான சூரிய மின்கலங்களுக்கான சிலிக்கானை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். பெரோவ்ஸ்கைட்டைக் கரைசலாக்கிக் கண்ணாடியில் பூசி, ஏறக்குறைய 100 டிகிரியில் காயவைத்தாலே போதும். மலிவுக்கு இதுவே காரணம்.

குறை ஆயுளில்தான். ஈரமும் சூடும் சேர்ந்தால் பெரோவ்ஸ்கைட்டின் கரும்பூச்சு மஞ்சள் நிற ஈய அயோடைடாகச் சிதைந்து, மின்சாரம் குறைந்துபோகும். சித்திரை வெயிலில் திருச்சி மொட்டை மாடிச் சூரியப் பலகைகள் 60 டிகிரிக்கு மேலும் சூடேறும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி மழை ஈரமும் உண்டு. சர்வதேசச் சோதனை இதைவிடக் கடுமையானது: 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம்.

அதைத் தாங்கவே, பெரோவ்ஸ்கைட்டில் உள்ள, எளிதில் ஆவியாகும் மெத்தில் அம்மோனியத்துக்குப் பதில் சீசியம் சேர்க்கப்படுகிறது. ஓரங்கள் பியூட்டைல் ரப்பரால் அடைக்கப்படுகின்றன. ஈயம் கசியாமலிருக்கவும் இந்த அடைப்பு அவசியம். தங்க மின்முனைக்குப் பதிலாகக் கார்பன் பூசுவது அருமையான வழி: விலையும் குறையும், கார்பன் நீரையும் அண்டவிடாது.