டிஸ்கில் பொறித்திருக்கும் எண்ணைக் கேளுங்கள்

காரின் முன்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று தெரியும் வட்டமான இரும்புத் தட்டுதான் பிரேக் டிஸ்க். ரோட்டார் என்றும் சொல்வார்கள். பெரும்பாலான டிஸ்குகளின் விளிம்பிலோ நடுமேட்டிலோ ஓர் எண் பொறித்திருக்கும். அந்த டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்பதற்குத் தயாரித்தவர்கள் வைத்த எல்லை அது. புதிதாக 22 மில்லிமீட்டர் கனமுள்ள டிஸ்கில் 20 என்று இருக்கலாம். அதற்குக் கீழே தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அதற்கு மேல் இருந்து, விரிசலோ ஆழமான கோடுகளோ இல்லையென்றால் மாற்ற அவசரமில்லை. பிரேக் வேலையில் நாம் பணத்தை இழப்பதும் உயிரைப் பணயம் வைப்பதும் பெரும்பாலும் இந்த எண்ணை யாரும் பார்க்காததால்தான்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. நல்ல டிஸ்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதற்கு பில் போடும் இடங்கள் உண்டு. ஏற்கெனவே மெலிந்த டிஸ்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து, “புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்” என்று மாட்டி அனுப்பும் இடங்களும் உண்டு. முதலாவதில் பணம் மட்டுமே போகும். இரண்டாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. டிஸ்க் வேலைக்கு வண்டியை விடும்போதே ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அளப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு படாத வெளிவிளிம்பில் துருவேறிய வரப்பு ஒன்று நிற்கும். வெர்னியரை அதன்மேல் வைத்தால் கனம் கூடுதலாகவே காட்டும். வரப்பைத் தாண்டி உள்ளே, பேடு உரசும் இடத்தில், மைக்ரோமீட்டர் வைத்து நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும். கடைவதாக இருந்தால், கடைந்த பிறகு மிஞ்சும் கனம் என்ன என்பதே கேள்வி.

பிரேக் போட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று போனால் “டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு” என்ற பதில் உடனே வரும். பல நேரங்களில் டிஸ்க் வளைந்திருக்காது, கனம்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஹப்பில் படிந்த துருவைச் சுரண்டாமல் டிஸ்கை மாட்டியதும், வீல் நட்டுகளை ஏர் கன் வைத்துத் தாறுமாறாக முறுக்கியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்பி வரும். டிஸ்கை ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், பேடும் புதிதாகப் போட வேண்டும். பேடைத் தாங்கும் காலிப்பரின் பின்கள் அசையாமல் இறுகிப்போயிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. மழைக்கு மறுநாள் டிஸ்கில் தெரியும் மெல்லிய துருவைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்தாதீர்கள், நாலு முறை பிரேக் போட்டால் போய்விடும்.

இனி உரிமைகள். பொருளின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. பில் தர மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. “பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்” என்பதற்குச் சம்மதித்தால், நாளை பிரேக் பிடிக்காதபோது காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றுமிருக்காது. வேலைக்கு முன்பே எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். பழைய டிஸ்கைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். புது டிஸ்கின் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், மாதம், வருடம், அதிகபட்ச விலை இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். போலி உதிரிபாகத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது.

கூலியில் தகராறு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாது. செய்த வேலைக்குப் பணம் வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. பில்லிலேயே “எதிர்ப்புடன் செலுத்துகிறேன்” என்று எழுதிப் பணத்தைக் கட்டி, வண்டியை மீட்டு, பிறகு வழக்காடுவதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

வண்டியை ஓட்டுபவருக்கும் பொறுப்பு உண்டு. சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய கோளாறோடு வண்டியை ஓட்டி ஒருவர் காயப்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைக்குப் போக நேரலாம். அடுத்த முறை வண்டியை விடும்போது, நான்கு சக்கரத்திலும் எவையெவை டிஸ்க் என்று கேட்டு, ஒவ்வொன்றின் கனத்தையும் மில்லிமீட்டரில் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். அளந்து காட்ட மறுக்கும் பட்டறையில் பிரேக் வேலைக்கு வண்டியை விடாதீர்கள்.