நனைகிற இறகு

வெயில் ஏறும் நேரம் சாய்ந்தமருது தோணாப் பக்கமோ கரைவாகு வட்டைப் பக்கமோ போனால், கம்பங்களில் இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டபடி நீர்க்காகங்கள் நிற்கும். எண்ணெய்ச் சுரப்பி இல்லாததால்தான் அது நனைகிறது என்று சொல்லிவிடுவோம். ஆனால் சுரப்பி அதற்கும் வாலடியில் இருக்கிறது. காரணம் இறகின் நெசவில் கிடக்கிறது.

எந்தச் சிறகிறகையும் உற்றுப் பாருங்கள். நடுத்தண்டு, அதன் இருபுறமும் சாய்வாக இழைகள், ஒவ்வோர் இழையிலும் நுண்ணிழைகள். ஒரு பக்கத்து நுண்ணிழைகளில் உள்ள கொளுக்கிகள் அடுத்த இழையைக் கவ்வுகின்றன. 1665இலேயே ராபர்ட் ஹூக் நுண்காட்டியால் பார்த்து எழுதிய விடயம் இது. பிரிந்த இறகைப் பறவை அலகால் நீவினால் சட்டைச் சிப் போல மறுபடி பூட்டிக்கொள்ளும். இழைகள் இப்படி நெருங்கி நின்றால் தண்ணீர் இடையே புக முடியாமல் மேலேயே துளியாக உருளும்; உள்ளே காற்று தங்கும். தாரா மிதப்பது அந்தக் காற்றாலும்தான்.

மீனைத் துரத்தி மூழ்கும் நீர்க்காகத்துக்கோ அந்தக் காற்று பெரும் இடைஞ்சல். மேலே தூக்கிக்கொண்டே இருக்கும், காலால் உதைத்து உதைத்து அதை வெல்ல வேண்டும். பெரிய நீர்க்காகத்தின் உடல் இறகுகளை ஆராய்ந்து 2005இல் டேவிட் கிரெமியேயும் உடனிருந்தோரும் வெளியிட்ட விளக்கம் அழகானது: இறகின் ஓரம் தளர்வானது, உடனே நனைந்து காற்றை விட்டுவிடும். நடுப்பகுதி இறுக்கமானது, நீர் புகாது. தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் மிஞ்சும். முழுக்க நனைந்தால் குளிர் உடலை வாட்டும், நனையவே மறுத்தால் ஆழம் போக முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரே இறகில் கணக்கு முடிந்திருக்கிறது.

அதற்கு விலையும் உண்டு. நனைந்த சிறகோடு எழும்புவது பாரமான வேலை. தண்ணீரைக் காலால் அடித்து ஓடித்தான் பெரும்பாலும் மேலே வருகிறது. கலபாகஸ் தீவுகளில் இதன் உறவுப் பறவை ஒன்று பறப்பதையே விட்டுவிட்டது. தரையில் அதைத் துரத்திப் பிடிக்கும் விலங்கு அங்கே இல்லாததால் சிறகு சுருங்கிப் போனது.

அதே வட்டையில் நிற்கும் கொக்குக்கு வேறு தொல்லை. விலாங்கின் வழுவழுப்பு இறகில் ஒட்டினால் நெசவு கெடும். அதற்கென்றே அதன் நெஞ்சில் சில தூவிகள் உண்டு. நுனி உதிர்ந்து உதிர்ந்து மாவாகும். அந்த மாவைப் பூசி, வழுவழுப்பு அதில் ஊறியதும், நடுவிரல் நகத்திலுள்ள சீப்புப் பற்களால் கொக்கு சுரண்டி எறியும்.