உங்கள் கெப்பின் பிரேக் ஒயிலை எப்போது மாற்றினீர்கள்?



உங்கள் வீட்டிலோ அயலிலோ பழைய கெப் வண்டி ஒன்று நிச்சயம் இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கிழட்டுக் கெப்களையும் நாம் விட்டுவிடவில்லை, பாதுகாத்து ஓட்டினோம். என்ஜின் ஒயிலைக் கணக்குப் பார்த்து மாற்றுகிறோம். பிரேக் ஒயிலை? "குறைந்தால் ஊற்றுவோம்" என்பதே பெரும்பாலானோரின் பதில்.

எங்கள் அயலவர் ஒருவர் மீன் வியாபாரி. விடியுமுன் பனிச்சங்கேணிக்குப் போய், வாவியில் பிடிபட்ட நண்டும் இறாலும் மீனும் எடுத்து ஐஸ் போட்டுக்கொண்டு வருவார். வாரத்தில் ஒரு தடவை செங்கலடி - பதுளை வீதியால் மலைநாட்டுக்குக் கொண்டுபோவார். திரும்பும்போது மரக்கறி மூடைகள். சென்ற வருடம் பசறையைத் தாண்டி லுணுகலைப் பக்கம் இறங்கி வரும்போது, அவர் மிதித்த பிரேக் அப்படியே தரைவரை போய்விட்டது! கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்ணில் உரசி நிறுத்தினார். பாரதூரமான பாதை அது. 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 14 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது பிரேக்கினால் நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த வீதி பிழையைப் பொறுக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அரை மணி நேரம் நின்ற பிறகு பிரேக் பழையபடி பிடித்தது. ஊருக்கு வந்து கராஜில் காட்டினார். ஒழுக்கு இல்லை, லைனரும் தேயவில்லை. "ஒண்ணுமில்ல காக்கா" என்று அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணுமில்லன்னா அண்டைக்கு ஏன் மௌலவி இறங்கினது?" என்று என்னிடம் வந்தார். மத்ரஸாவில் பாடம் நடத்துபவனிடம் ஏன் இந்தக் கேள்வி என்று எண்ணாதீர்கள். கிதாபைப் போலவே வாகனத்தின் கைந்நூலையும் வாசிக்கும் பழக்கம் எனக்குண்டு என்பது அவருக்குத் தெரியும்.

விடயம் இதுதான். பிரேக் ஒயில் பெயரில்தான் ஒயில். உண்மையில் அது கிளைக்கோல் வகைத் திரவம்; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடியின் துவாரத்தாலும் ரப்பர் குழாய்களாலும் வருடக்கணக்கில் ஈரம் உள்ளே போகிறது. டொட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 வீதம் நீர் சேர்ந்துவிட்டால் 140 பாகை இருந்தாலே போதும் என்கிறது அதே தரவிதி. டொட் 4 வகைக்கு அவை 230, 155. நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்தால் சூடு ஏறி, அந்த ஈரம் ஆவியாகிறது. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். எனவே உங்கள் மிதி ஆவியை நசுக்குவதோடு தீர்ந்து, சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், தடயம் இல்லை. ஓட்டமாவடிக்கும் வாகரைக்கும் இடையிலுள்ள சமதரையில் பிரேக் அவ்வளவு சூடாவதில்லை. அதனால் பத்து வருடமானாலும் இந்தக் குறை வெளியே தெரியாது.

எனவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றுங்கள். புதியது இளந்தேன் நிறம். உங்கள் வண்டியில் பிளேன்டீயின் நிறத்தில் இருந்தால் தாமதிக்க வேண்டாம். ஆனால் தெளிவாக இருப்பதாலேயே நல்லது என்றும் நம்பாதீர்கள், ஈரத்துக்கு நிறம் கிடையாது. மூடியில் எழுதியுள்ள வகையையே, சீல் உடைக்காத போத்தலில் வாங்குங்கள். போன வருடம் திறந்து மிச்சம் வைத்தது வேண்டாம். என்ஜின் ஒயிலையோ பவர் ஸ்டீயரிங் ஒயிலையோ ஒரு சொட்டும் ஊற்றிவிடாதீர்கள்! ரப்பர் வொஷர்கள் ஊதிப் பெருத்து, மாஸ்டர் சிலிண்டர் தொடங்கி எல்லாவற்றையும் மாற்ற நேரிடும்.

மாற்றும் வேலைக்கு இருவர் தேவை. ஒருவர் மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நட்டைத் தளர்த்தி, குழாய் வழியே பழையதைப் போத்தலில் இறக்க வேண்டும். நட்டை இறுக்கிய பின்பே மிதித்தவர் காலை எடுக்கலாம். முந்தினால் காற்று உள்ளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில், நம் நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் பின் இடதில், தொடங்குங்கள். சில கெப்களில் பின் அச்சுக்கு மேல் பாரத்துக்கேற்ப இயங்கும் வால்வு உண்டு. அதன் நட்டை மறந்துவிடுவார்கள், நீங்கள் கேட்டுப் பார்த்து அதிலும் எடுப்பியுங்கள். பழைய வண்டியில் மிதியைத் தரைவரை அழுத்தவும் கூடாது. சிலிண்டருக்குள் வழமையாக உரசாத பகுதியில் துரு இருக்கும், அது வொஷரைக் கிழித்துவிடும். மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

மீன் ஏற்றும் வண்டியென்றால் இன்னொரு சங்கதி. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழேதான் இரும்பு பிரேக் பைப் ஓடுகிறது. கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். பொருக்காக உதிர்ந்தால் பைப்பையே மாற்றுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவது செலவில்லாத காரியம்.

அயலவரின் வண்டியில் நாங்கள் இறக்கிய பழைய ஒயில் கன்னங்கரேலென்று இருந்தது. அது நஞ்சு, பெயின்ரையும் தின்றுவிடும். போத்தலை மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல் கராஜின் கழிவு ஒயிலோடு சேர்க்கக் கொடுத்தோம். வாவிக்கரையில் ஊற்றிவிடலாம் என்றார் ஒரு தம்பி. "நாளைக்கு நண்டு எடுக்கிறதும் அங்கதானே" என்றார் அயலவர்.